நான்காவது சிங்கம் எங்கே?

கேள்வி: தேசியச் சின்னத்தில் நான்கு சிங்கங்கள் என்று பாடத்தில் இருக்கிறது. ரூபாய் நாணயத்தில் எண்ணினால் மூன்றுதான் வருகிறது. கீழே குதிரையும் காளையும் எதற்கு?
- பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: நான்காவது பின்பக்கம் இருக்கிறது, மகளே. முதுகோடு முதுகு சேர்த்து நான்கு திசையும் பார்த்து உட்கார்ந்திருக்கும் சிங்கங்கள் அவை. எந்தப் பக்கம் நின்றாலும் மூன்றுதான் கண்ணில் படும்.

வாரணாசிக்கு அருகில் உள்ள சாரநாத் அருங்காட்சியகத்தில், இந்தச் சின்னத்தின் அசலான அசோகர் தூணின் தலைப்பகுதியைப் பார்க்கும் வரை எனக்கும் இது வெறும் பாடம்தான். ஏழடி உயரம், சுனார் மணற்கல். அசோகர் காலத்து மெருகு இன்னும் பளபளக்கிறது. சுற்றி வந்தபோதுதான் யானையைப் பார்த்தேன்! சிங்கங்களின் காலடியில் உள்ள வட்டப் பட்டையில் யானை, குதிரை, காளை, சிங்கம் என நான்கு விலங்குகள். இடையிடையே 24 ஆரச் சக்கரங்கள். சின்னத்தில் முன்பக்கம் மட்டும் வந்ததால் யானை மறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த நான்கும் திசைகளைக் குறிப்பவை என்பார்கள். புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த யானை, சித்தார்த்தர் அரண்மனையை விட்டு ஏறிப்போன குதிரை என்று புத்தர் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. இடம் புத்தரோடு தொடர்புள்ள சாரநாத் என்பதால் என் மனசு இரண்டாவது விளக்கத்தின் பக்கம்தான் சாய்கிறது.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிங்கங்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய கல் சக்கரம் இருந்தது. 1904-05இல் ஓர்ட்டல் என்ற பொறியாளர் அகழாய்வு செய்தபோது அதன் உடைந்த துண்டுகள்தான் கிடைத்தன. புத்தர் முதன்முதலாக உபதேசம் செய்த ஊர் சாரநாத். அந்த உபதேசத்துக்கே 'அறச்சக்கரத்தை உருட்டுதல்' என்றுதான் பெயர். புத்தரின் சொல்லைச் சிம்மநாதம், அதாவது சிங்கத்தின் முழக்கம் என்பது பௌத்த மரபு. அதனால் அந்தத் திறந்த வாய்களைப் பார்க்கும்போது எனக்குப் பயமுறுத்தும் உறுமல் தோன்றுவதில்லை. நான்கு திசைக்கும் போகும் அறத்தின் குரலாகவே கேட்கிறது. அரசனின் வலிமையைக் காட்டும் சிங்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் அந்தச் சக்கரத்தை மறந்துவிடுகிறார்கள்.

1950 ஜனவரி 26 அன்று இதைச் சின்னமாக ஏற்றபோது அடியில் இருந்த கவிழ்ந்த தாமரையை விட்டுவிட்டு, முண்டக உபநிடதத்தின் 'சத்யமேவ ஜயதே'யைச் சேர்த்தார்கள். சரி, தமிழ்நாடு அரசின் சின்னத்தையும் எடுத்துப் பார். கோபுரத்தின் கீழே இதே சிங்கங்கள். அந்த வாசகம் அங்கே 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் இருக்கும்.