மணலில் கட்டிய குதிரைக்கு வயிற்று வலி: முதலில் லத்தியைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தேவிபட்டினம் பக்கம் இருக்கிறேன். ஆறு வயதுப் பெட்டை மட்டக்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். விசேஷ ஊர்வலத்துக்கும் வண்டிக்கும் போகும். காலையும் மாலையும் சோறும் தவிடும் கலந்து தரையில் கொட்டி வைக்கிறேன். வேலியில் உள்ள சவுண்டல் (சூபாபுல்) தழையை ஆட்டுக்கு வெட்டும்போது இதற்கும் போடுவேன். மற்ற நேரம் கருவைக்காட்டு ஓரம் மணலில் கட்டியிருக்கும். இரண்டு மாதமாக அடிக்கடி வயிற்று வலி வந்து காலால் தரையைப் பறிக்கிறது. லத்தி இளகலாகப் போகிறது. வால் முடியும் கொட்டுகிறது. இயற்கையாக என்ன கொடுக்கலாம்? பூண்டும் இஞ்சியும் இடித்து பாட்டிலில் ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: வணக்கம். பாட்டிலை முதலில் கீழே வையுங்கள். குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றும் மருந்து எளிதாக நுரையீரலுக்குள் போய்விடும். அது வயிற்று வலியைவிட ஆபத்து. பூண்டு, வெங்காயம் இரண்டும் அளவு மீறினால் குதிரையின் ரத்தச் சிவப்பணுக்களையும் உடைக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தால் இந்தக் குதிரைக்கு மருந்தைவிட தீனியைத்தான் மாற்ற வேண்டும் என்று தெரிகிறது.

இன்று காலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிதாகப் போட்ட லத்தியில் தரையில் படாத மேல் உருண்டைகளாக ஐந்தாறு எடுத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் பையில் போட்டு, முக்கால் பை தண்ணீர் ஊற்றி நன்றாகப் பிசையுங்கள். பையின் ஒரு மூலை கீழே இருக்கும்படி ஆணியில் கால் மணி நேரம் தொங்க விடுங்கள். நார் மிதக்கும், கலங்கல் தெளியும். அந்த மூலையை விரலால் நெருடினால் நறநறவென்று மணல் தட்டுப்படும். ஒரு தேக்கரண்டி அளவு இருந்தாலே பெருங்குடலில் மணல் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மணல் வரவில்லை என்றாலும் உள்ளே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சில குதிரைகளில் அது நகராமல் அடியிலேயே தங்கிவிடும். அடிக்கடி வரும் வலியும் இளகிய லத்தியும் மணலின் அடையாளம்தான். உங்கள் கரை முழுக்க மணல். நீங்கள் கொட்டும் தவிட்டை அது உதட்டால் கூட்டிக் கூட்டித் தின்னும்போது ஒவ்வொரு வாயிலும் மணல் போகிறது.

இன்றிலிருந்து தரையில் தீனி வேண்டாம். தொட்டியில் வையுங்கள், தொட்டிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் விரியுங்கள். வண்டிக்காரர்கள் கழுத்தில் மாட்டும் கொள்ளுப்பை இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் மணலை நகர்த்துவது நார்தான். அதோடு மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமியை, கிலோ எடைக்கு ஒரு கிராம் கணக்கில், நாளுக்கு ஒரு வேளை ஒரு வாரம் கொள்ளில் கலந்து கொடுங்கள். ஈரம் பட்டதும் கொழகொழவென்று ஆகிவிடும், கலந்த உடனே வைத்துவிடுங்கள். வலி வந்து துடிக்கும்போது இதைக் கொடுக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எடை தெரியாவிட்டால் டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 145 செ.மீ., நீளம் 140 செ.மீ. என்றால் சுமார் 248 கிலோ.

அப்புறம் சோறு. மாட்டுக்கு நான்கு அறை வயிறு. குதிரைக்கு உடம்பின் அளவுக்குச் சின்ன வயிறு ஒன்றுதான். அதில் அமிலம் ராத்திரி பகல் சுரந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. மொத்தமாகச் சோறு போனால் செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து, வலியும் குளம்பு வீக்கமும் வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதைத்தான் எழுதியிருக்கிறார். அரபுக் கரையிலிருந்து கப்பலில் வந்த குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்தன என்கிறார். அதே தவறு நம் கொட்டகையில் இன்னும் நடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தவிட்டிலும் வினை இருக்கிறது. அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் தவிடே முக்கியத் தீனியானால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கும். கம்பு நேப்பியர், கொழுக்கட்டைப்புல் இவற்றில் உள்ள ஆக்சலேட்டும் இதையே செய்யும். மாட்டுக்கு அருமையான புல் என்பதற்காகக் குதிரைக்கு அதை மட்டுமே போடாதீர்கள்.

அப்படியானால் என்ன போடுவது? அருகம்புல். ஊருணிக் கரையிலும் வயல் வரப்பிலும் கிடைப்பதை மண் உதறி அலசிப் போடுங்கள். 250 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளுக்கு ஐந்து கிலோ நார்த்தீனி வேண்டும். பச்சையாக என்றால் பதினைந்து, இருபது கிலோ. அத்தனை கிடைக்காவிட்டால் பாதி அருகு, மீதிக்கு வைக்கோலும் பூஞ்சணம் இல்லாத கடலைக்கொடியும். வைக்கோல் மட்டும் போதாது. குதிரைமசால் கிடைத்தால் விடாதீர்கள், அந்தப் பெயரே சும்மா வரவில்லை. ஆனால் உப்புக் கிணற்றுப் பாசனத்தில் அது சரியாக வராது. இளஞ்சோளப் பயிர் வேண்டவே வேண்டாம்.

வேலை செய்யும் குதிரைக்குக் கொள்ளு நாளுக்கு முக்கால் கிலோ, இரண்டு வேளையாக. இரவு ஊற வைத்து, வேகவைத்து, ஆறிய பிறகு. புல்லைத் தின்ற பிறகுதான் கொள்ளு. பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்தாமல் பத்து நாளில் மாற்றுங்கள்.

சவுண்டலை மட்டும் இன்றே நிறுத்துங்கள். வால் முடி கொட்டுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அதிலுள்ள மிமோசின் நஞ்சை ஆடு ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. குளம்பின் மேல் விளிம்பில் வளையம் வளையமாக வரி விழுந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். கருவை நெத்தும் கவனம். இனிப்புக்காக அள்ளித் தின்று குடல் அடைத்துக்கொள்ளும். முள்ளும் குளம்பில் ஏறும். கட்டும் இடத்தை மாற்றிவிடுங்கள்.

தண்ணீரை நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கரித்தால் குதிரையும் குறைவாகத்தான் குடிக்கும். குறைவாகக் குடித்தால் குடல் உலர்ந்து அடைக்கும். வேலை நாளில் முப்பது, நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். வியர்வையில் போகும் உப்புக்கு நாளுக்கு 25 கிராம் கல்லுப்பு கொள்ளில் கலந்து வையுங்கள். வேலை அதிகமான நாளில் அதை இரட்டிப்பாக்கலாம்.

மறுபடி வலி வந்தால் தீனியை எடுத்துவிடுங்கள். தாடை எலும்பின் உள்பக்கம் இரண்டு விரல் வைத்தால் கயிறு போல நாடி உருளும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கலாம், மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடலாம். அறுபதைத் தாண்டினாலும், உருண்டு புரண்டாலும், லத்தி நின்றாலும் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் செய்து மருத்துவரை வரவழையுங்கள். அந்த நேரம் ஊசி வேண்டாம் என்று சொல்லாதீர்கள். முள் ஏறும் இடத்தில் நிற்கும் குதிரைக்கு ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் கட்டாயம். லத்திப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தபின் எவ்வளவு மணல் இறங்கியது என்று எழுதுங்கள்.