வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காமலே சைபர் பாதுகாப்பு வேலைக்குப் போகலாம்

திருப்பூரில் பத்து பவர் டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் குடும்பம் அது. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் நல்ல மதிப்பெண், வேதியியல் சுமார். புள்ளியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவோ, "பி.எஸ்சி. படிச்சா டீச்சர் வேலைதான் அண்ணா, சைபர் செக்யூரிட்டி பி.இ. சேர்த்து விடுங்க, இனிமே அதுக்குத்தான் காலம்" என்கிறார். ஒரு தனியார் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீட்டில் விடுதிக் கட்டணத்தோடு நான்கு வருடத்துக்கு 14 லட்சம் என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்பா எனக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது ஒரே கேள்வி: "பாப்பாவுக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமுங்களா?"

ஐயா, எந்தப் படிப்பில் சேர்த்தாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நான் எழுதினால் இன்றிரவு உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். பத்திரம் வங்கிக்குப் போன பிறகு அந்த நிம்மதி இருக்காது. ஆகவே நேராகவே சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும். 10 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 13,200 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. மீதி 4 லட்சத்துக்குக் கைக்காசு. ஜாப் ஒர்க் பில் எப்போது கைக்கு வரும் என்று தெரியாத தொழிலில் இருக்கும் நீங்கள் இந்தத் தவணைக்கு எப்படி உறுதி கொடுப்பீர்கள்? மகள் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கட்டணத்தை அரசே கட்டியிருக்கும், நானும் வேறு பதில் சொல்லியிருப்பேன். அவள் படித்தது மெட்ரிக் பள்ளி.

பணத்தை ஒதுக்கி வைத்தே பார்ப்போம். பட்டத்தின் பெயரில் "சைபர் செக்யூரிட்டி" என்று இருப்பதாலேயே யாரும் வேலை கொடுப்பதில்லை. நேர்முகத் தேர்வில் ஒரு லாக் கோப்பை, அதாவது கணினியில் நடந்தவை வரிவரியாகப் பதிவான கோப்பைத் திறந்து வைத்து, "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பார்கள். பதில் சொல்பவருக்கு வேலை. அந்தப் பதிலுக்கான கண் உங்கள் மகளுக்கு இப்போதே இருக்கிறது என்பதை நீங்கள் எழுதிய விவரத்திலிருந்தே காட்டுகிறேன்.

செக்கிங்கில் டேமேஜ் பீஸ் அதிகமாகிறது என்று நீங்கள் புலம்பியபோது, அவள் ஒரு மாதக் கணக்கை எடுத்து, எந்த நாள், எந்த நேரம், எந்த டேபிள் என்று கிராஃப் தாளில் புள்ளி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை மாலையில், இரண்டே டேபிள்களில் புள்ளிகள் குவிந்திருந்தன. இதை வெறும் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேலையின் அடிப்படையே அதுதான்: இணையதளங்களில் யார், எப்போது, எங்கிருந்து உள்ளே நுழைந்தார்கள் என்ற பதிவுகளைப் படமாக்கிப் பாதுகாப்புத் தணிக்கை செய்வது. நம் ஊர்ப் பெற்றோரில் பெரும்பாலோர் இப்படி ஒரு வேலை இருப்பதாகவே கேள்விப்பட்டதில்லை. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் வங்கித் தளத்திலோ ஜிஎஸ்டி தளத்திலோ லாகின் செய்யும் ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு வரி பதிவாகும். நேரம், பயனர் பெயர், ஐபி முகவரி என்ற இணைய இணைப்பின் எண், எந்த பிரவுசர், பாஸ்வேர்டு சரியா தவறா எல்லாம் அந்த வரியில் இருக்கும். பெரிய தளத்தில் ஒரு நாளைக்கே லட்சக்கணக்கில் இப்படி வரிகள் சேரும். உட்கார்ந்து படிக்க எந்த மனிதராலும் முடியாது. வெறும் சராசரி போட்டாலும் பயன் குறைவு. ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறு அட்டவணைகளைக் காட்டினார். நான்குக்கும் சராசரி ஒன்றே, சிதறலும் ஏறக்குறைய ஒன்றே. வரைபடமாகப் போட்டால் நான்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வடிவங்கள். புள்ளியியல் வகுப்பில் முதலில் கற்றுக்கொள்ளும் இந்த எச்சரிக்கை, லாகின் தணிக்கையில் தினமும் உதவும்.

கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தாகப் பயனர் பெயர்கள், தோற்றுப்போன லாகின் முயற்சிகளுக்குச் சிவப்புப் புள்ளி, வென்றவற்றுக்குப் பச்சைப் புள்ளி என்று ஒரு படம் போடுங்கள். ஒரே பயனரின் வரிசையில் சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக ஓடினால், யாரோ அந்த ஒரு கணக்கின் பாஸ்வேர்டை விடாமல் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். குறுகிய நேரத்துக்குள் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பயனருக்கும் ஒன்றோ இரண்டோ சிவப்பு விழுந்திருந்தால், ஒரே சாதாரண பாஸ்வேர்டை எல்லாக் கணக்கிலும் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு பாஸ்வேர்டு ஸ்பிரேயிங் என்று பெயர். ஒரு கணக்கில் ஐந்து முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு இதைப் பிடிக்காது, ஏனென்றால் எந்தக் கணக்கிலும் ஐந்து முறை தவறுவதே இல்லை. வரைபடத்தில்தான் அது கண்ணில் படும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீண்ட சிவப்பு வரிசையின் முடிவில் வரும் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. கதவு திறந்த நிமிடம் அது. தணிக்கை அறிக்கை அங்கிருந்துதான் தொடங்கும்.

மைக்ரோசாஃப்ட்டுக்கே இது நடந்தது. 2023 நவம்பர் கடைசியில், இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கில் இந்த ஸ்பிரேயிங் முறையில் நுழைந்தார்கள். நிறுவனம் கண்டுபிடித்தது 2024 ஜனவரி 12 அன்று. மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் வேறு உத்தி: பிற தளங்களிலிருந்து கசிந்த பாஸ்வேர்டுகளைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள். 2023 ஏப்ரல் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை சுமார் 14,000 கணக்குகள் திறந்தன. உறவினரைத் தேடும் வசதியின் வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. நிறுவனத்துக்குத் தெரியவந்தது அக்டோபரில். ஐந்து மாதப் பதிவுகள் இருந்தும், நேரத்தில் பார்க்க வேண்டியது பார்க்கப்படவில்லை.

கருவி ஓட்டத் தெரிந்தால் மட்டும் இந்த வேலை வந்துவிடாது. இணையதளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு தளத்தின் சர்வர் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் சர்வர் சொன்ன பதில் ஒரு எண்ணாக இருக்கும். பொதுவாக 200 என்றால் "சரி" என்று அர்த்தம். ஆனால் வேர்ட்பிரஸ் லாகினில், தவறான பாஸ்வேர்டு போட்டால் அதே பக்கம் மறுபடி வரும், பதிவில் 200 விழும். உள்ளே போனால்தான் 302, அதாவது "வேறு பக்கத்துக்குப் போ". இது தெரியாதவர் படத்தில் சிவப்பும் பச்சையும் அப்படியே இடம் மாறிவிடும். அதேபோல சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். பதிவில் அதிகாலை 3.45 என்று இருப்பது நம் ஊரில் காலை 9.15. இதைக் கவனிக்காமல் அறிக்கை எழுதினால், அலுவலகம் திறந்ததும் ஒழுங்காக வேலைக்கு உட்கார்ந்த ஒரு கணக்காளர் நள்ளிரவுத் திருடனாகிவிடுவார். இன்னொன்று: மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளருக்கு ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. ஒரே முகவரியிலிருந்து முந்நூறு பேர் நுழைந்தால் உடனே தாக்குதல் என்று கத்தக் கூடாது. எது இயல்பு, எது இயல்பு மீறல் என்று பொறுமையாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். அது புள்ளியியல் பயிற்சி.

கணினிப் பட்டம் இல்லாதவரால் முடியுமா என்று சித்தப்பா கேட்பார். 1986-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வானியலாளருக்கு, கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் இடிக்கிறது, பார் என்று சொன்னார்கள். அதை அவர் விடவில்லை. வெளியிலிருந்து வரும் தொலைபேசி இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, உள்ளே வருபவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எடுத்து, நேரம் குறித்துத் தொடர்ந்தார். கடைசியில் ஜெர்மனியின் ஹானோவரில் இருந்துகொண்டு சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் விற்ற மார்க்கஸ் ஹெஸ் பிடிபட்டார். நட்சத்திரங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்த பழக்கம் அங்கே கைகொடுத்தது.

வேலை எங்கே இருக்கிறது என்பது உங்கள் நியாயமான கேள்வி. 2022 ஏப்ரல் 28 அன்று கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை வெளியிட்டது. நிறுவனங்கள் தங்கள் கணினிப் பதிவுகளை 180 நாட்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று சொல்ல, பதிவுகளைப் பார்த்ததும் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். வங்கிகள், மருத்துவமனைக் குழுமங்கள், மென்பொருள் நிறுவனங்கள், செர்ட்-இன் அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தேவை உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலும் ஷிஃப்ட் இருக்கும், இரவு வேலையும் வரும். முதல் சம்பளத்தைப் பற்றி நான் கனவு விற்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாதவளுக்குச் சுமாரான முதல் சம்பளம் ஒரு தொடக்கம். மாதம் 13,200 கட்ட வேண்டியவளுக்கு அது நெருக்கடி. அவசரத்தில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, கற்க வேண்டியதைக் கற்காமலே நின்றுவிடுவாள்.

செய்ய வேண்டியது இதுதான். கோவையில் அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ பி.எஸ்சி. புள்ளியியல் கிடைக்கிறதா பாருங்கள். கிடைக்காவிட்டால் கணிதம். முதல் வருடம் முழுக்க, தரவைக் கேட்டு எடுக்கும் எஸ்க்யூஎல், நிரல் எழுதும் பைத்தான், அதில் அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் மூன்றிலும் கை பழகட்டும். ஐ.ஐ.டி.களின் என்பிடெல் இணையப் பாடங்கள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். இரண்டாம் வருடம், பதிவுகளைப் படமாக்கவும் கண்காணிக்கவும் உதவும் கிரஃபானா, கிபானா, வாஸு போன்ற மென்பொருள்களைத் தன் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். இவற்றையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு நிஜத் தரவு வேண்டுமென்றால், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகம் தன் உள்வலையில் 58 நாட்களில் பதிவான லாகின் நிகழ்வுகளை, ஆள் பெயர்களை மறைத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. 12,425 பயனர்கள், நூறு கோடிக்கும் மேற்பட்ட லாகின் வரிகள். அதில் ஒரு சோதனைக் குழு வேண்டுமென்றே ஊடுருவிய நிகழ்வுகளும் தனிக் கோப்பில் குறிக்கப்பட்டுள்ளன. விடையோடு கிடைக்கும் வினாத்தாள் அது. சாதாரண மடிக்கணினி முழுவதையும் தாங்காது, ஒரு நாள் பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டால் போதும். மூன்றாம் வருடம் அந்தத் தரவிலிருந்து ஐந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க ஆங்கில விளக்கம் என்று அவள் கையில் ஒரு தொகுப்பு இருக்கட்டும். ஆங்கிலத்தை வலியுறுத்துவதற்குக் காரணம், படத்தைப் புரிந்துகொண்டும் எழுதத் தெரியாத பிள்ளைகள் தணிக்கை வேலையில் மேலே வருவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அடுத்தவர் தளத்தில், விளையாட்டுக்குக்கூட, அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. ஹேக்கிங் கற்றுத் தருகிறோம் என்று வார இறுதி வகுப்புக்கு முப்பதாயிரம் கேட்பவர்கள் இதைச் சொல்வதில்லை. சீசா என்ற தணிக்கையாளர் சான்றிதழைக் காட்டியும் சிலர் பணம் பறிப்பார்கள். அதன் தேர்வை எழுதலாம், ஆனால் சான்றிதழ் கைக்கு வர வழக்கமாக ஐந்து வருட அனுபவம் கேட்பார்கள். பதினெட்டு வயதில் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பயமும் உங்கள் வரிகளில் தெரிகிறது: "பி.இ. இல்லைன்னா வரன் பார்க்கும்போது கேப்பாங்க." மூன்று வருடம் கழித்து வரப்போகும் யாரோ ஒருவருடைய கேள்விக்காக, இன்று இந்தப் பிள்ளை தானாகக் கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்த ஆர்வத்தை மறுக்கிறீர்கள். இதற்கு நான் உடன்பட மாட்டேன். ஒருவேளை இரண்டு வருடம் படித்துவிட்டு அவளுக்கு லாகின் தணிக்கை பிடிக்காமல் போகலாம். அப்போதும் புள்ளியியல் பட்டத்தோடு வங்கி, காப்பீடு, மருந்து ஆராய்ச்சி என்று திரும்ப இடம் இருக்கும். 14 லட்சத்தைக் கட்டிவிட்டால் திரும்ப இடமில்லை.

"இந்த வாரத்துக்குள் 50,000 முன்பணம் கட்டினால்தான் சீட்" என்று கல்லூரியிலிருந்து தினமும் ஃபோன் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்தில் புள்ளியியலை முதல் விருப்பமாக மகளே தன் கையால் நிரப்பட்டும். சித்தப்பாவிடம் பேச நான் தயார். பேசுவதற்கு முன் அவர் தன் நிறுவனத்திலேயே ஒரு விவரம் விசாரித்து வரட்டும்: அங்கே லாகின் பதிவுகளைத் தினமும் பார்ப்பவர்கள் யார், அவர்கள் என்ன படித்தவர்கள்?