வன்னியில் காப்புறுதி முகவர் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

2011 இலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஆயுள் காப்புறுதி முகவராக இருக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பி தங்கச்சிமார் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, தெரிந்ததற்கு விரிவாகவே எழுதுகிறேன். வாகனக் காப்புறுதி என் பாடம் இல்லை, அதை அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள்.

பரந்தன்: அக்கா, ஒரு கம்பனிக்கும் கட்டுப்படாமல் எல்லாக் கம்பனிப் பொலிசியையும் விற்கிற சுயாதீன முகவராக வரலாமா?

முகவராக வந்தால் அப்படி முடியாது தம்பி. இலங்கையில் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அதை நடைமுறைப்படுத்துகிறது. தனி ஆள் முகவராக வேண்டுமென்றால் ஒரு காப்புறுதிக் கம்பனியோ தரகர் நிறுவனமோ உங்களை எடுத்துப் பதிய வேண்டும். ஆயுளில் ஒரு கம்பனிக்கு முகவராக இருந்துகொண்டு அதே ஆயுளை இன்னொரு கம்பனிக்கும் விற்க இயலாது. பல கம்பனிகளின் பொலிசிகளை ஒப்பிட்டுக் காட்டி விற்பது தரகரின் வேலை, தரகர் என்றால் அது ஆணைக்குழுவில் பதிந்த நிறுவனமாக இருக்க வேண்டும்.

'சுயாதீனம்' என்று சொல்வதில் உண்மை எவ்வளவு என்றால், நீங்கள் ஊழியர் இல்லை. சம்பளம் இல்லை, ஈபிஎப் இல்லை, பெற்றோல் காசு உங்களுடையது. எத்தனை மணிக்கு எழும்புவது, மல்லாவிக்குப் போவதா ஒட்டுசுட்டானுக்குப் போவதா என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். சேருவதற்கு முன் ஆட்சேர்ப்புப் பரீட்சை எழுத வேண்டும், அதைத் தமிழிலேயே எழுதலாம். சாதாரண தரப் பெறுபேறும் அடையாள அட்டையும் கேட்பார்கள். உங்கள் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். இடம்பெயர்வில் ஆவணம் தொலைத்து மறுபடி எடுத்த வீடுகளில் இந்தச் சிக்கல் நிறைய இருக்கிறது, பொலிசி எடுப்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

மல்லாவி: கொமிசன் எவ்வளவு வரும்? மாதம் எவ்வளவு உழைக்கலாம்?

முதல் வருடக் கட்டணத்தில்தான் பெரிய பங்கு வரும். அடுத்தடுத்த வருடங்களில் குறைந்துகொண்டே போகும். வீதம் கம்பனிக்குக் கம்பனி, பொலிசிக்குப் பொலிசி மாறும். மாதக் கொமிசன் ஒரு அளவுக்கு மேல் போனால் வரியும் கழிப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

நான் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: எழுதிய பொலிசி மூன்றாம் வருடமும் உயிரோடு இருக்குமா? பொதுவாக மூன்று வருடம் கட்டி முடிக்க முன் நின்றால் சரண் பெறுமதி, அதாவது பொலிசியை இடையில் விட்டால் திரும்பக் கிடைக்கிற காசு, கிடையாது. அந்தச் சனத்தின் காசு போய்விடும், உங்களுக்கு அந்த ஊரும் போய்விடும். இங்கே முக்கால்வாசி வீட்டில் காசு மாதாமாதம் வருவதில்லை. காலபோகம் மாசி பங்குனியில் அறுத்தால் காசு, சிறுபோகம் ஆவணி புரட்டாதியில் அறுத்தால் காசு. அப்படிப்பட்டவரிடம் மாதக் கட்டணம் போட்டுக்கொடுத்தால் நான்காம் மாதமே நிற்கும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற ஒருவருக்கு மார்ச்சிலும் செப்டெம்பரிலும் வருகிற மாதிரி அரையாண்டுக் கட்டணமாக வைத்துக் கொடுத்தேன், ஒன்பது வருடமாக ஒரு தவணை தவறவில்லை. கடற்தொழில் என்றால் கணக்கு வேறு, ஆசிரியர் என்றால் வேறு. வீட்டுக்குக் காசு எப்போது வருகிறது என்று கேட்காமல் படிவத்தை எடுக்காதீர்கள்.

தருமபுரம்: முதலில் சொந்தக்காரரிடம் போகச் சொல்கிறார்கள், போகலாமா?

போகலாம். மாமி என்பதற்காக வாங்குகிற மாமி இரண்டாம் வருடம் கட்டமாட்டா.

புதுக்குடியிருப்பு: நான் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பொலிசி எடுக்க வந்த ஐயாவின் தொடையில் 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது. மேலாளர் அதைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்கிறார். என்ன செய்ய?

எழுதுங்கள் தங்கச்சி. எந்த வருடம், உடம்பில் எங்கே, எடுத்தார்களா விட்டார்களா, இப்போது நோ இருக்கிறதா, எல்லாம் எழுதி, ஆஸ்பத்திரியில் தந்த மட்டையும் எக்ஸ்ரேயும் இருந்தால் பிரதி வையுங்கள். கம்பனி மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டலாம், சிலதை விலக்கலாம். தொடையில் துண்டோடு இருக்கிற எத்தனையோ பேருக்கு நான் எழுதிச் சாதாரணமாகவே கிடைத்திருக்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், என் இரண்டாம் வருடத்தில், கணவர் இறந்த பிறகு காப்புறுதிப் பணம் கேட்ட ஒரு அக்காவோடு, கம்பனி நிராகரித்த அந்தக் கிளெயிமுக்காக அலைந்தேன். பொலிசியை எழுதினவர் வேறொரு முகவர். கணவருக்குப் பத்து வருடச் சீனி வருத்தம், கிளினிக் கொப்பி வீட்டுக் கூரைச் சிலாகையில் செருகியபடி இருந்தது. படிவத்தின் பிரதியைப் பார்த்தோம். நோய்க் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற பக்கத்தில் நீல மையில் மேலிருந்து கீழே ஒரே கோடு, பேனையைத் தூக்கவேயில்லை. கீழே அந்த மனிசனின் கையெழுத்து. தன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று அவர் உயிரோடு இருக்கும்போது மனைவியிடம் சொல்லியிருக்கிறார், ஆனால் கையெழுத்து அவருடையதுதானே. அந்த அக்கா பிரதியை மடித்து மடித்துக் கையளவாக்கி வைத்திருந்தா.

முள்ளியவளை: நானும் ஆறு வருடமாக முகவர். நீங்கள் சொல்வது நடைமுறைக்குச் சரிவராது. எங்கள் சனத்தில் எத்தனை பேர் உடம்பில் இரும்பு? அதை எழுதினால் எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று கேள்வி வரும் என்று சனம் பயப்படுகிறது, பொலிசியே வேண்டாம் என்கிறது.

தம்பி, அந்தப் பயம் உண்மை, அதை நான் தள்ளமாட்டேன். எத்தனையோ வீட்டு விறாந்தையில் அந்த மௌனத்துக்குள் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் படிவம் கேட்பது உடம்பைப் பற்றி. 'வெடிபொருள் காயம், 2009, வலது தொடை, துண்டு எடுக்கப்படவில்லை' என்றால் போதும், அந்த நேரம் எந்த ஊரில் நின்றார், யாரோடு நின்றார் என்பது அங்கே வராது. அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்படியும் எழுத வேண்டாம் என்றால் படிவத்தை மூடிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள்.

முள்ளியவளை: அப்போ அந்தக் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பும் இல்லையே?

மறைத்து எழுதினாலும் இல்லைத்தானே தம்பி, கட்டின காசும் சேர்ந்து போகும்.

விசுவமடு: இரண்டு பேரும் சொல்வது விளங்குகிறது. மாரடைப்பில் இறந்தால் காலில் உள்ள துண்டை வைத்துக் கிளெயிமை மறுப்பார்களா?

நல்ல கேள்வி. மறுப்பதற்குக் கம்பனி பார்ப்பது, சொல்லியிருந்தால் தங்கள் முடிவு மாறியிருக்குமா என்பதை. தொடையில் ஒரு சின்னத் துண்டுக்கு மாறாமல் இருக்கலாம், நெஞ்சிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ என்றால் மாறும். அதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. மறுத்துவிட்டால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு, பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடு விசாரிக்கிற நடுவர்) இருக்கிறார், கட்டணம் இல்லை. ஆனால் பொய்யான படிவத்தோடு அங்கே போய் நிற்பது கஷ்டம்.

மாங்குளம்: கொமிசன் எத்தனை வீதம்?

மேலே மல்லாவித் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

துணுக்காய்: வெள்ளத்தில் நெல் அழிந்தால் காப்புறுதி உண்டா, அதையும் நாங்கள் விற்கலாமா?

அது கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையின் வேலை, கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை, பதிவை விதைக்கும்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வவுனியா: மோட்டார் சைக்கிளுக்கும் ஆயுள் கம்பனியிலேயே போடலாமா?

இல்லை. 2011 சட்டத் திருத்தத்தின் பிறகு ஆயுளும் பொதுவும் (வாகனம் போன்றவை) தனித்தனிக் கம்பனிகள். மிச்சத்தை வாகனப் பக்கம் கேளுங்கள்.

கிளிநொச்சி: இலக்கு முடிக்க வாடிக்கையாளரின் தவணையை நானே கட்டிவிடலாமா? பிறகு வாங்கலாம்தானே.

கட்டாதீர்கள். அவர்கள் தருகிற காசையும் ஒரு இரவு கூட உங்கள் பையில் வைக்காதீர்கள், அன்றே கட்டிப் பற்றுச்சீட்டைக் கொடுங்கள்.

அக்கராயன்: கொமிசன்...

தம்பி, மேலே பாருங்கள். கொமிசன் கேட்டவர்கள் மூன்று பேர், கிளினிக் கொப்பி பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. எனக்கு அது மனவருத்தமாக இருக்கிறது.

உடையார்கட்டு: பரீட்சை சித்தி, பதிவும் வந்துவிட்டது. நாளைக்கு முதல் வீடு. என்ன கொண்டு போக?

வாழ்த்துகள் பிள்ளை. இரண்டு படிவம், இரண்டு பேனை. கணவனும் மனைவியும் இருக்கிற நேரமாகப் போங்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சத்தமாக வாசித்து, அவர் சொன்ன பிறகு எழுதுங்கள். 'வருத்தம் ஒன்றும் இல்லை' என்று மனிசன் சொல்வார், அப்போது மனைவியின் முகத்தைப் பாருங்கள். மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா, என்ன குளிசை போடுகிறார் என்று அவவிடம் கேளுங்கள், கொப்பியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பொலிசி வந்ததும் நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் சொல்லுங்கள். அது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்த பிறகு வெளிக்கிடுங்கள்.