குளக்கட்டின் அடியில் நீர் கசிகிறது: முதலில் எதைப் பார்ப்பது?

வணக்கம் அண்ணை. தம்பலகாமத்தில் உங்கள் வயலுக்கு மேலே தனியார் காணிக்குள் இருக்கிற மண்கட்டுக் குளத்தில் கசிவு, உரிமையாளர் "அது எப்பவும் வாறதுதான்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். மண்கட்டு கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

கசிவு நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கட்டு உள்ளுக்குள்ளேயே அரிபடுகிறது. எங்கள் பக்கத்துக் குளத்தில் இப்படித்தான், கறையான் புற்றுக்குக் கீழே தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

அப்படி இருந்தால் வெளிப்பக்கம் களிமண் வைத்து அடைக்க வேண்டாம். தண்ணீர் வேறு இடத்தால் பிய்த்துக்கொண்டு வரும். கசியும் இடத்தில் முதலில் மணல், அதற்கு மேல் சல்லி போட்டால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். உரிமையாளரிடம் சொல்லித் துருசை (மதகை) திறந்து நீர்மட்டத்தை மெதுவாகக் குறைப்பிக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் சேர்க்க வானை (மிகைநீர் வழிந்தோடும் இடத்தை) மூட்டை அடுக்கி உயர்த்தியிருந்தால், அதை மாரிக்கு முன் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். படங்களோடு பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கொடுத்து, பிரதி ஒன்றைக் கமநல சேவை நிலையத்துக்கும் கொடுங்கள். தனியார் குளம் என்று தட்டிக் கழித்தால் கந்தளாய்க் குளத்தை நினைவுபடுத்துங்கள்: 1986 ஏப்ரலில் கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்தது நம் திருகோணமலை மாவட்டத்தில்தான். அது அரசாங்கக் குளம், பெரியது. ஆனால் உங்கள் வீடு கட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

கசிவு நீரின் கலங்கல் திடீரெனக் கூடினால் கடிதத்தை விடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.