'ட்வைலைட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், எங்கே பயன்படுத்துவது?

சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதும் வானத்தில் தங்கியிருக்கும் மங்கலான வெளிச்சம்தான் ட்வைலைட். அந்த நேரத்தையும் இதே சொல்லால் குறிப்பார்கள். தமிழில் அந்தி ஒளி எனலாம்.

சூரியனே இல்லை, அப்புறம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? தரையில் நிற்கும் நமக்குத்தான் சூரியன் மறைந்துவிட்டது. தலைக்கு மேலே உயரத்தில் இருக்கும் காற்றின் மீது அதன் கதிர்கள் இன்னும் படுகின்றன. காற்று அவற்றைச் சிதறடித்துக் கீழே அனுப்புகிறது. கூடத்தில் எரியும் விளக்கு, சுவரில் பட்டுத் தெறித்துப் பக்கத்து அறையிலும் லேசாகப் பரவுமே, அது போல. காற்று மண்டலம் இல்லாத நிலாவில் இப்படி ஓர் அந்தி வானமே கிடையாது.

சூரியன் 6 டிகிரி கீழே இறங்கும்வரை விளக்கில்லாமலே வெளிவேலை பார்க்கலாம். 18 டிகிரியைத் தாண்டினால் முழு இருட்டு. லண்டனில் ஜூன் மாத நள்ளிரவில்கூடச் சூரியன் அந்த 18 டிகிரியைத் தொடுவதில்லை. 

உருவகமாகவும் வரும். ஒருவரின் 'ட்வைலைட் இயர்ஸ்' என்றால் முதுமைக்காலம். ஓய்வை நெருங்கும் ஆட்டக்காரரைப் பற்றி எழுதும்போதும் இதைப் பார்க்கலாம்.

பலர் நினைப்பதுபோல் ட்வைலைட் மாலைக்கு மட்டும் உரியதல்ல. சூரியன் உதிக்குமுன் வெளுக்கும் அதிகாலை வெளிச்சத்துக்கும் அதே பெயர்தான்.