போர் வாரியாக அல்ல, ஷரத்து வாரியாகப் படியுங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். சீனாவின் ‘சமத்துவமற்ற ஒப்பந்தங்கள்’ என்றாலே நான்கிங், தியான்ஜின், பீக்கிங் எல்லாம் குழம்பிவிடுகின்றன. தேர்வுக்கு எப்படிப் படிப்பது? 1997-இல் ஹாங்காங் திரும்பியது எந்த ஒப்பந்தப்படி?

பதில்: போர்களை வரிசையாக மனப்பாடம் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே ஒரு ஷரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை தானாக வந்து சேரும்.

முதல் அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா கையெழுத்திட்ட நான்கிங்கை (1842) எல்லோரும் எழுதுவார்கள்: பிரிட்டனுக்கு ஹாங்காங் தீவு, வணிகத்துக்குத் திறந்துவிட்ட ஐந்து துறைமுகங்கள், 2.1 கோடி வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், பறிமுதலான அபினிக்கான விலை! ஆனாலும் தோற்றவர் பணம் கட்டுவது உலகில் புதிதல்ல. கழுத்தை இறுக்கியது அடுத்த ஆண்டு வந்த துணை ஒப்பந்தம்தான். அபினியை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் ட்செஷு அதை அழித்த அதே ஹூமனில் கையெழுத்தானது. பேரரசர் வேறு எந்த நாட்டுக்குப் புதுச் சலுகை தந்தாலும் அது பிரிட்டனுக்கும் உண்டு என்றது அது. ‘மிகவும் விருப்பத்துக்குரிய நாடு’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதேதான். ஆனால் சீனாவுக்குப் பதில் சலுகை ஏதும் இல்லை.

அது வேலை செய்த விதத்தைப் பாருங்கள். 1844-இல் அமெரிக்கா போரிடாமலே வாங்ஷியா ஒப்பந்தத்தைப் பெற்றது. 12 ஆண்டுகள் கழித்துத் திருத்தம் கோரலாம் என்றது அதன் 34-வது ஷரத்து. நான்கிங்கில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனாலும் பிரிட்டன், அந்த உரிமை தனக்கும் உண்டென்று சொல்லி, 1842-இலிருந்து கணக்குப் போட்டு 1854-லேயே வந்து நின்றது. சீனா தட்டிக்கழித்தது. 1856-இல் ‘ஆரோ’ கப்பல் விவகாரம் (பிரிட்டிஷ் பதிவு பெற்ற அந்தக் கப்பலின் ஊழியர்களைச் சீன அதிகாரிகள் கைது செய்தது) சாக்காகக் கிடைக்க, இரண்டாம் அபினிப் போர் மூண்டது. தியான்ஜினும் (1858) பீக்கிங்கும் (1860) அதன் விளைவுகள்.

சீன-ஜப்பான் போரை முடித்த 1895 ஷிமோனோசெகி ஒப்பந்தத்திலும் இதே கதைதான். சண்டை போட்டது ஜப்பான். ஒப்பந்தத் துறைமுகங்களில் ஆலை கட்டும் உரிமையோ மேலை நாடுகளுக்கும் சேர்த்தே கிடைத்தது. இந்த ஒப்பந்தங்களால் வந்த மற்ற சுமைகளான, சீனாவில் குற்றம் செய்யும் வெளிநாட்டவரை அவர்களுடைய தூதரே விசாரிப்பது, சுங்க வரியைச் சீனா தன் விருப்பப்படி உயர்த்த முடியாதது ஆகிய இரண்டையும் ஒரு பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

ஹாங்காங்குக்கு வருவோம். தீவும் (1842) அதன் எதிரே உள்ள கவுலூனும் (1860) நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டவை. 99 ஆண்டுக் குத்தகை, 1898-இல் வாங்கிய புதிய பிரதேசங்களுக்கு மட்டுமே. நிலப்பரப்பில் பெரும்பகுதி அதுதான் என்பதால், மீதியை மட்டும் வைத்துக்கொண்டு பிரிட்டனால் சமாளிக்க முடியாது. எனவே சீனாவுடன் செய்துகொண்ட 1984 கூட்டறிக்கையின்படி மொத்தத்தையும் ஒப்படைத்தது. ‘நான்கிங் குத்தகை முடிந்தது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.