டெக்சாஸில் வாங்கிய நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸ் அரிசோனாவில் செல்லுமா?

டெக்சாஸில் எஃப்.என்.பி.யாக (எல்லா வயது நோயாளிகளையும் பார்த்து மருந்து எழுதும் குடும்பநல நர்ஸ் பிராக்டிஷனர்) இருக்கிறேன், கணவர் வேலைக்காக அரிசோனாவின் ஃபீனிக்ஸ் போகிறோம், கையில் காம்பாக்ட் லைசென்ஸ் (உடன்பாட்டில் சேர்ந்த மாநிலங்களிலெல்லாம் செல்லும் நர்ஸ் லைசென்ஸ்) இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த காம்பாக்ட் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), எல்.பி.என். (அதற்குக் கீழ்நிலை நர்ஸ்) லைசென்ஸுக்கு மட்டும்தான். நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து நர்ஸ், மிட்வைஃப் போன்றவர்களுக்கென்று 2020இல் தனியாக ஒரு காம்பாக்ட் எழுதினார்கள், ஏழு மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும், அந்த ஏழு இன்னும் சேர்ந்தபாடில்லை. அதனால் ஆர்.என். வேலையை அரிசோனாவில் இறங்கியவுடன் பார்க்கலாம், எஃப்.என்.பி. வேலைக்கு அரிசோனா நர்சிங் போர்டின் அனுமதி வந்தாக வேண்டும். ஆர்.என். லைசென்ஸையும் அப்படியே விட்டுவிட முடியாது. குடியிருப்பு மாறிய 60 நாளுக்குள் புது மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது 2024இலிருந்து விதி.

நல்ல செய்தி, மறுபடி பரீட்சை கிடையாது. உங்கள் சர்டிஃபிகேஷன் தேசிய அளவிலானது, அது உங்கள் கூடவே வரும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். போர்டு கேட்பது அந்த சர்டிஃபிகேஷன், கல்லூரியிலிருந்து நேராகப் போகும் டிரான்ஸ்கிரிப்ட், கைரேகை, பின்னணிச் சோதனை, இவ்வளவுதான். மருந்து எழுதும் அனுமதிக்கு அங்கே தனியாகக் கேட்க வேண்டும், அதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள். டி.இ.ஏ. பதிவும் (கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத மத்திய அரசு தரும் அனுமதி) மாநிலத்தோடு கட்டுப்பட்டது, அதை மறந்துவிட்டு வேலையில் சேரும் நாளன்று முழிப்பவர்கள் நிறைய.

சரி, பேப்பர் வேலையை விடுங்கள், உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. டெக்சாஸில் நாம் ஒரு மாத்திரை எழுத வேண்டுமென்றாலும் ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், பொதுவாக ஒரு டாக்டர் ஏழு பேருக்கு மேல் அப்படிக் கையெழுத்துப் போட முடியாது, அந்தக் கையெழுத்துக்கு மாதாமாதம் பணம் வாங்குகிற டாக்டர்களும் உண்டு, சிலர் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஷெட்யூல் 2 மருந்துகளை (அடிமையாக்கும் அபாயம் அதிகமென்று கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை) ஆஸ்பத்திரியிலும், கடைசிக் காலப் பராமரிப்பு தரும் ஹாஸ்பிஸிலும் எழுதலாம், சாதாரண கிளினிக்கில் கூடாது, ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவுப் பிரச்சினை உள்ள பிள்ளைக்கு வழக்கமாகத் தருகிற ஊக்க மருந்துகூட அந்தப் பட்டியலில்தான் வருகிறது. அரிசோனாவில் இந்த ஒப்பந்தமே தேவையில்லை. அதே படிப்பு, அதே பரீட்சை, அதே ஆள், எல்லையைத் தாண்டியதும் சட்டத்தின் கண்ணுக்கு வேறு ஆளாகிவிடுகிறோம். நோயாளியின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாதுகாப்புதான் காரணமென்றால் நியூயார்க் மாதிரி அனுபவத்தைக் கணக்கில் எடுக்கலாமே, அங்கே 3,600 மணி நேரம் தாண்டியவர்களுக்கு 2022இலிருந்து ஒப்பந்தம் வேண்டாம். கலிஃபோர்னியாவும் 2023இலிருந்து மூன்று வருட அனுபவத்துக்குப் பிறகு படிப்படியாகத் தளர்த்துகிறது.

அரிசோனாவில் டாக்டர் இல்லாமலே வேலை செய்யலாம் என்றாலும், பெரிய ஆஸ்பத்திரிகளும் இன்சூரன்ஸ்காரர்களும் தங்களுக்கென்று தனி விதி வைத்திருப்பார்கள், வேலை ஒப்பந்தத்தை முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே மனநல கிளினிக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாராவது கூப்பிட்டால் எஃப்.என்.பி.யை வைத்துக்கொண்டு போய்விட முடியாது, லைசென்ஸ் எந்த வகை நோயாளிகளுக்குப் படித்தோமோ அதை ஒட்டித்தான், மனநலத்துக்குத் தனிப் படிப்பும் தனி சர்டிஃபிகேஷனும் வேண்டும்.

அப்புறம், டெக்சாஸ் நோயாளிகளை வீடியோவில் தொடர்ந்து பார்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலம்தான் கணக்கு, நீங்கள் இருக்கும் மாநிலம் இல்லை. அவர்களைப் பார்ப்பதாக இருந்தால் டெக்சாஸ் லைசென்ஸையும், மருந்து எழுதுவதற்கான அந்த டாக்டர் ஒப்பந்தத்தையும் விட்டுவிடாதீர்கள்.